ராகு காலம் பார்த்து வாங்கின செல்

என்னங்க, அம்மாவுக்குக் காய்ச்சலாம், கழுகுமலைக்குப் போறேன். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வச்சிருக்கேன்.

பழைய செல் விக்க விளாத்திகுளத்து ஆளு சாயங்காலம் வாரான்ல? போன தடவை ஒருத்தன், "இப்ப ராகு காலம் அண்ணாச்சி, வீட்டுல போயி ஆன் பண்ணுங்க"ன்னான். நீங்களும் கும்பிட்டு வாங்கிட்டு வந்தீங்க. நல்ல நேரம் பார்த்து ஆன் பண்ணா, அது எவனோ ஒருத்தனோட பாஸ்வேர்டைக் கேட்டுச்சு. ரொம்ப நல்ல நேரம்!

இன்னிக்கு ஞாயிறு, அவன் வார நேரமும் ராகு காலந்தான். இருக்கட்டும். பில்லைக் கேளுங்க. செல்லுல இருக்க அவன் மெயில் ஐடியை அவனையே எடுக்கச் சொல்லுங்க. அவன் முன்னாடியே ஆன் பண்ணிப் பாருங்க. கெட்டுப்போறதா இருந்தா அவன் கையிலயே கெட்டுப்போகட்டும்.

உமாராணி

பி.கு: நம்ம சிம்மைப் போட்டு முதல்ல எனக்குப் பேசிப் பாருங்க. போன தடவை நீங்க ஏமாந்துட்டு வந்த கோவம் இன்னும் ஆறல. ஆனா எடுப்பேன்.