உளையில் புகை

பிப். 10, திங்கள்

காலையில் உறைபனி. பீன்ஸ் கொழுந்தெல்லாம் கருகல். பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரே நாளில் இரண்டும் என்றால் பயிர் எதைத் தாங்கும்?

செய்ய வேண்டியவை: ஹோஸ் மூட்டு மாற்ற. ரேஷன். ஜீப்புக்கு டயர், சுந்தரத்திடம் மறுபடி ஞாபகப்படுத்த (ட்ரிப் ஓட்டுகிற என் புருஷனுக்குத் தன் வண்டி டயர் கண்ணில் படாது). பதினொரு மணி, பஞ்சாயத்து கமிட்டி.

கமிட்டியில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. உளையின் நடுவே வாய்க்கால் வெட்டச் சொன்னது யார், அதற்கு ஆன செலவு என்ன?

உளை என்பது, கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் வார்டுக்கு மேலே, இரண்டு மலைகளுக்கு நடுவில் கிடக்கும் சதுப்பு. புல் செத்துச் செத்து, மக்காமல் படிந்த கறுப்பு மண். மிதித்தால் மெத்தை மாதிரி அமுங்கும். மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடை முழுக்க ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்த ஓடையை நம்பித்தான் கீழே எல்லாருடைய கேரட்டும் கோஸும். அங்கே பஞ்சாயத்து ‘சதுப்புப் பூங்கா’ கட்டுகிறது. டூரிஸ்ட் நடக்க நடைபாதை வேண்டுமாம். நடைபாதை போடத் தரை காய வேண்டுமாம். தரை காய ஒரு வாய்க்கால். சதுப்பை வற்றவைத்துவிட்டுச் சதுப்புப் பூங்கா!

இதை ஏன் என் டைரிக்கே விளக்கிக்கொண்டிருக்கிறேன்? கமிட்டியில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது, கைக்கும் வந்துவிட்டது.

பிரசிடெண்ட் முருகேசன் அண்ணன் சிரித்தார். “ராணி மெம்பர் எதிர்க்கட்சி. எதுன்னாலும் எதிர்க்கத்தான செய்வாக.” செக்ரட்டரி மலையாளத்தில், “பரிசோதிக்காம்.” பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்க மாட்டேன் என்று பொருள். நான் மெம்பரான நாள் முதல் அவர் பரிசோதித்துக்கொண்டே இருக்கிறார்.

பருப்பு வடை மட்டும் நன்றாக இருந்தது.

பிப். 12, புதன்

ஓடை நின்றுவிட்டது. குறைந்தது என்று எழுத ஆசை. நின்றுவிட்டது. பாறைக் குழிகளில் மட்டும் கொஞ்சம், அதில் நுரை.

மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். முகப்பு வளைவு தயார். பிரசிடெண்ட் படம் தயார். டிக்கெட் கொடுக்கிற கூண்டு தயார். உளையைத்தான் காணோம். கை நுழைகிற அளவு வெடிப்பு. ஒரு கட்டி மண்ணைக் கையில் எடுத்தேன், காய்ந்த வறட்டி மாதிரி எடையே இல்லை.

காண்டிராக்ட் ஆட்கள் ஓரத்துப் புல்லுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏப்பா, இது மண்ணும் சேர்ந்து எரியும்பா. அணைங்க.”

“மண்ணு எங்கயாச்சும் எரியுமாக்கா? புல்லுதான. பொழுது சாயங்குள்ள அணஞ்சிரும்.”

பிரசிடெண்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. செக்ரட்டரி எடுத்தார். என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

பிப். 14, வெள்ளி

புகை. தீ கண்ணில் படவில்லை, வெடிப்புகளிலிருந்து புகை மட்டும். தரையில் கை வைத்தால் அடுப்பு மேடை.

மாடசாமி அண்ணன் மாட்டை ஓட்டிவரப் போனவர். மேலே பார்க்கச் சாதாரணத் தரை. கால் வைத்ததும் உள்ளே இறங்கிவிட்டது. முழங்கால் வரை கங்கு. அவர் போட்ட சத்தம் ஸ்கூல் வரைக்கும் கேட்டதாம். சுந்தரம் ஜீப்பில் கொண்டுபோனான். பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான். வழி முழுக்க ஒரே வார்த்தை. “மாடு வந்துருச்சா? மாடு வந்துருச்சா?”

வந்துவிட்டது. அதுக்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ மெம்பருதானத்தா? கேட்டுச் சொல்லு. எங்க பூமி எதுக்கு எரியுது?” நான் கமிட்டியில் கேட்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போயிற்று. அது வளைவைத் தாண்டும் முன்பே வேறு இடத்தில் புகை. பத்திரிகைக்காரர் கேட்டதற்குப் பிரசிடெண்ட், “மலைப்பிரதேசம் பாருங்க, இது பனிமூட்டம்” என்றார். மத்தியான வெயிலில் நின்றுகொண்டு. இருமிக்கொண்டே.

பிப். 17, திங்கள்

மாடசாமி அண்ணன் காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். நடக்க நாளாகும்.

தீயணைப்பு ஆபீசர் நல்ல மனிதர், தேனிப் பக்கம் பெண் எடுத்தவராம், தமிழிலேயே சொன்னார். “அடியில பிடிச்ச தீங்க. மேல எவ்வளவு ஊத்தினாலும் போகாது. தண்ணி கீழ இருந்து ஏறி வரணும்.” மேல்பக்கத்து ஊற்று இன்னும் உயிரோடிருக்கிறது. வருகிற தண்ணீரை வாய்க்கால் ஓடைக்கு விடாமல் மறுபக்கச் சரிவில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. வாய்க்காலை அடைத்தால் போதும். அவ்வளவுதான். ஒரு நாள் வேலை.

அவசரக் கூட்டம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை என்று தேதி கொடுத்தார்கள். அதுவரை தீயும் பொறுத்துக்கொள்ள வேண்டும் போல.

சாயங்காலம் எங்கள் கட்சித் தலைவர் போன். தாலுகா முழுக்க அவர் பேச்சுதான்.

“ராணி, அந்த வாய்க்கால் விஷயத்த விட்ரும்மா.”

“ஏன் தலைவரே?”

“காண்டிராக்ட் யாருன்னு தெரியும்ல?”

“தெரியாது. அதத்தான் நான் கமிட்டில கேட்டுக்கிட்டிருக்கேன்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, “நம்ம மச்சினன்தாம்மா.”

ஆளுங்கட்சி பூங்கா, எங்கள் கட்சித் தலைவர் மச்சினன். நான் மட்டும் எதிர்க்கட்சி. யாருக்கு எதிராக என்று கேட்டால் இன்று எனக்கே தெரியவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். சுந்தரம் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிப். 19, புதன்

அவசரக் கூட்டம். வாய்க்காலை அடைக்க வேண்டும், இதுதான் என் தீர்மானம்.

செக்ரட்டரியின் விளக்கம் அருமை. முடிந்த பணியை மூடினால், அதற்குச் செய்த செலவு வீண் செலவாகிவிடும். தணிக்கையில் கேள்வி வரும். மூடாமல் விட்டால் வராது. நிலம் எரிவதைத் தணிக்கைக்காரர் கேட்க மாட்டாராம்.

“அப்ப ஆளு கால் வெந்ததுக்கு எந்தக் கணக்குல எழுதுவீக?”

பிரசிடெண்ட்: “உணர்ச்சிவசப்படாதீக மெம்பர்.”

இந்த வார்த்தையை ஆண் மெம்பர்கள் மேஜையைத் தட்டும்போது அவர் சொல்லிக் கேட்டதில்லை.

ஓட்டு. என் கை மட்டும் மேலே. பக்கத்தில் பாண்டி அண்ணன், எங்கள் கட்சி, எனக்கு முன்னாலிருந்தே மெம்பர், எனக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “தலைவரு சொல்லிட்டாரும்மா. பயலுக்கு வேல கேட்ருக்கேன் அவர்கிட்ட.” வீட்டுக்கு வந்து தொட்டியில் முகம் கழுவும்போதுதான் நல்ல நல்ல பதிலாகத் தோன்றியது.

பிப். 20, வியாழன்

நாள் முழுக்கச் சாக்குத் தூக்கிய கை, எழுத்து கோணலாகத்தான் வரும்.

விடிந்ததும் உரச்சாக்குகளை ஜீப்பில் போட்டுக்கொண்டு போனோம். நான், சுந்தரம், கீழ்க்காட்டு விவசாயிகள் சிலர். மாடசாமி அண்ணன் மகள் வகுப்புக்குப் போகாமல் வந்து நின்றாள், திட்டித் திருப்பி அனுப்பினேன். மண்ணை நிரப்பி வாய்க்கால் வாயில் அடுக்கத் தொடங்கினோம். புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை. முதல் வரிசையைத் தண்ணீர் தள்ளிவிட்டது. மூங்கில் வெட்டிக் குறுக்கே அடித்து மறுபடி.

பாதி வேலையில் பிரசிடெண்ட் வந்தார், ஒரு போலீஸ்காரருடன். “பஞ்சாயத்து சொத்து இது. நிறுத்துங்க. இல்லேன்னா கேஸ்தான்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது பயம்தான். கையிலிருந்த சாக்கைக் கீழே வைக்கலாமா என்று யோசித்தேன்.

அப்போது கீழே பாதையில் வள்ளி மதினி. பிரசிடெண்டின் மனைவி. தலையில் சும்மாடு, சும்மாட்டில் மண் சாக்கு. புருஷனைத் தாண்டி நேராக வந்து வாய்க்கால் ஓரம் சாக்கை இறக்கினார்.

“வள்ளி! என்ன செய்யுற?”

“நம்ம கோஸுக்கு ஒரு வாரமாத் தண்ணி இல்ல. ஒங்க பூங்காவுல இருந்து கொண்டாந்து ஊத்துவீகளா?” சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். “எம்மேலயும் கேஸு எழுதச் சொல்லுங்க. கேஸுல எழுத எங்க அப்பன் பேரு தெரியும்ல?”

போலீஸ்காரர் மூக்கைச் சொறிந்தார். பிரசிடெண்ட் வந்த போலீஸ் ஜீப்பிலேயே ஏறிப் போய்விட்டார். எங்கள் வேலை நடந்தது.

சாயங்காலம் போகும்போது சாக்குக்குப் பின்னால் கணுக்கால் அளவு தண்ணீர். இடுப்பு ஒடிகிறது. பெயின் பாம் தீர்ந்துவிட்டது, வாங்க.

பிப். 24, திங்கள்

மேல்பாதி அணைந்துவிட்டது. மண் ஊறி மறுபடி அமுங்குகிறது. கீழ்ப்பாதியில் இன்னும் இரண்டு இடத்தில் புகை, மெலிதாக. ஓடையில் விரல் கனம் தண்ணீர். பீன்ஸ் போனது போனதுதான். கேரட் தேறலாம்.

நல்ல செய்திக்கு விலை இல்லாமல் வருமா? காலையில் ஸ்டேஷனிலிருந்து போன். பொதுச்சொத்துக்குச் சேதம், அடையாளம் தெரிந்த ஒரு நபரும் தெரியாத சிலரும். தெரிந்த நபர் நான். வள்ளி மதினி தெரியாத சிலரில் ஒருவர். மத்தியானம் கட்சியிலிருந்து வாட்ஸ்அப். கட்டுப்பாட்டை மீறியதற்கு விளக்கம் கேட்டு. என் பேரில் இரண்டு எழுத்துப் பிழை.

சுந்தரம் படித்துவிட்டு, “விளக்கம் என்னன்னு எழுதுவ?”

“நெருப்ப அணச்சேன்னு.”

“அத நம்புவாகளா?”

மார்ச் 4, செவ்வாய்

மப்பு. மழை வருகிற மாதிரி வந்து வராமல் போயிற்று. மாடசாமி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார், கட்டுடன். மாட்டைப் பார்க்க வேண்டும் என்று தொழுவத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாராம்.

கமிட்டி. அஜண்டாவில் கடைசி அயிட்டம்: உளை மீட்புப் பணி, மணல்சாக்குத் தடுப்பு அமைத்த வகையில் செலவு, அங்கீகாரத்துக்கு.

இரண்டு தரம் படித்தேன். நாங்கள் போட்ட சாக்கு. அதே இடம். ஆள் கூலி, வண்டி வாடகை, மேற்பார்வை, எல்லாம் உண்டு. காண்டிராக்ட் மச்சினன் பேரிலேயே.

ஆளுங்கட்சி வரிசையில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பிரசிடெண்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு எனக்கும் புரிந்தது. ஆமாம் என்று கை தூக்கினால் திருட்டில் எனக்கும் பங்கு. இல்லை, அது நாங்கள் போட்டது என்றால் போலீஸ் கேஸில் என் வாக்குமூலம். பேசாமலிருந்தால் பூங்காவும் நடக்கும், கேஸும் மெல்ல மறந்துபோகும். முதல் தடவையாக அந்த மனிதர் மூளையை மெச்சத் தோன்றியது.

எழுந்தேன்.

“அந்தச் சாக்கு எங்க வீட்டு உரச்சாக்கு. பஞ்சாயத்து போடல. மச்சினனும் போடல. நான் போட்டேன். கூலி யாருக்கும் குடுக்கல. இத மினிட்ஸ்ல எழுதுங்க.”

செக்ரட்டரி பேனாவை எடுக்கவில்லை. “மெம்பர், ஆலோசிச்சிட்டு பறயணும். கேஸ் உண்டு.”

“யோசிச்சிட்டுத்தான் சொல்றேன். எழுதுங்க.”

பிரசிடெண்ட் அடுத்த அயிட்டம் என்று வாயெடுத்தார். அடுத்த அயிட்டமே இல்லை.

அப்போது பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம். பாண்டி அண்ணன். தொண்டையைச் செருமினார். “எம்பேரையும் சேத்து எழுதுங்க. நானும் ரெண்டு சாக்கு தூக்குனேன்.”

தூக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவர் கம்பத்தில் கொழுந்தியாள் மகள் கல்யாணத்தில் இருந்தார். எனக்குத் தெரியும். அங்கே மொய் எழுதி, பக்கத்து இலையில் சாப்பிட்டுவிட்டு வந்த செக்ரட்டரிக்கும் தெரியும்.

செக்ரட்டரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார்.