உன் கிட்டாருக்கு ஒரு பிக்கப்

வார்னிஷில் முக்கிய செம்புக் கம்பி சூடேறும் வாசனை என் பட்டறைக்குப் புதிதல்ல. அன்றைக்கு அதோடு பிளாஸ்டிக் உருகும் நாற்றமும் சேர்ந்து வந்தது. கையிலிருந்த மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தகரப்பெட்டியைத் திறந்தேன். எரிகிற இரண்டு பெரிய பல்புகளுக்கு நடுவே உன் கிட்டாரின் பிக்கப் வெயிலில் விட்ட மெழுகுவர்த்தி போல வளைந்து கிடந்தது. தந்தி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிபயருக்கு அனுப்பும் காந்தச் சுருள் அது. உன் பழைய கிட்டாரில் இருந்ததே அது ஒன்றுதான்.

புத்தி கெட்டவன் என்று நீ திட்டியிருக்க மாட்டாய். நானே திட்டிக்கொண்டேன். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுற்றி முடித்ததும் வார்னிஷில் முக்கி, பல்புப் பெட்டியில் ஒரு பகல் முழுக்க வாட்டாவிட்டால் வேலை முடிந்ததாகவே மனசு ஒப்பாது. குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு அப்படி வாட்டினால்தான் தாங்கும். நீ கண்ணை மூடிய பிறகு கிட்டார்ப் பெட்டிக்குள்ளேயே கிடந்து அறுந்துபோன சுருளை இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாகச் சுற்றினேன். இனி ஆயுசுக்கும் அறுந்துவிடக் கூடாது என்று ஆசைப்பட்டேன். சுருளைத் தாங்கும் கூடு பிளாஸ்டிக் என்பது அந்த ஆசையில் மறந்துபோயிற்று.

கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தவள் உன் மனைவி ஸ்டெல்லா.

"அண்ணே, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம அவருக்கு வருசப் பூசை. ஒரே ஒரு பாட்டுக்காச்சும் அவரு கிட்டாரு சத்தம் கோயில்ல கேக்கணும்ணே. அவரு தங்கச்சி வாசிக்கிறேன்னுருக்கா" என்றாள்.

"அதே சத்தம் வரும்மா. நீ நிம்மதியாப் போ" என்று மார்தட்டினேன்.

அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு உரிமை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், மாதா கோயில் திருவிழாக் கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது உன் பிக்கப் செத்துப்போனது. கடையைச் சாத்திவிட்டு நான் உட்கார்ந்தேன். என்னிடம் இருந்ததிலேயே மெல்லிய கம்பி டேபிள் ஃபேனுக்குச் சுற்றுவது. அதற்கும் பிக்கப் கம்பிக்கும் நடுவே கயிற்றுக்கும் நூலுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. கூடு கொண்ட மட்டும் சுற்றி, வாட்ட நேரமில்லாமல் அப்படியே மாட்டிக் கொடுத்தேன். நீ ஒருமுறை தந்திகளை வருடிப் பார்த்தாய். "நல்லாருக்கு மாப்ள. இது போதும்" என்றாய். அந்த ஒரு வார்த்தையை அகரம் வரைக்கும் போய் என் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மேடையில் நீ நேராக நின்று நான் பார்த்ததில்லை. கூட்டத்துக்குத் தோளைக் காட்டிக்கொண்டு ஒருக்களித்துத்தான் நிற்பாய். "என்னப்பு, ஒங்க ஆளு பொண்ணு மாப்பிள்ளையப் பாக்க மாட்டாராமா?" என்று கல்யாண வீடுகளில் கேலி செய்வார்கள். வித்துவான் என்றால் அப்படித்தான் என்று நான் அவர்களிடம் எகிறுவேன்.

பிக்கப் உருகிய மறுநாள் மதுரையில் இசைக்கருவி விற்கும் கடை ஒன்றுக்குப் போன் செய்தேன். கடைக்காரர் பொறுமையான மனிதர். "பளிச்சுன்னு கேக்கணுமா சார், கனமா உருண்டு வரணுமா? இல்ல, இரைச்சலே வேணாம்னா ரெட்டைக் காயில் போட்டது இருக்கு. அவங்க எப்படி வாசிப்பாங்க?" என்றார். எப்படி வாசிப்பாய்? முப்பது வருடம் உன்னோடு ஊர் ஊராக ஆம்ப்ளிபயர் தூக்கியவனுக்கு அது தெரியவில்லை. மூன்று பிக்கப்பின் சத்தத்தையும் போனுக்கு அனுப்பி வைத்தார். இயர்போனை மாட்டிக்கொண்டு மாறி மாறிக் கேட்டேன். ஒன்றுகூட நீ இல்லை.

அதற்குள் ஸ்டெல்லா கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் "பார்ட்ஸ் வருதும்மா" என்றேன். இரண்டாம் நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் தெருமுனையில் அவள் ஸ்கூட்டியைக் கண்டதும் ஷட்டரை உள்பக்கமாக இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்துவிட்டேன். பங்குனி வெயில். தகரக் கூரை. வார்னிஷ் நெடி மூச்சை அடைத்தது. என் கடைக்குள் நானே திருடன் போல ஒளிந்திருந்தேன். ஃபேன் போட்டால் சத்தம் கேட்குமே என்று அதையும் போடவில்லை.

ஷட்டரில் இரண்டு தட்டு விழுந்தது. "அண்ணே, உள்ளதான் இருக்கீங்க. செருப்பு வெளிய கெடக்கு."

திறந்தேன். உருகிய பிக்கப்பை அவள் கையில் வைத்தேன். அதே சத்தம் இனி வராது, நான்தான் பாழாக்கினேன் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் செத்த நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, நம்ப மாட்டாய், சிரித்தாள்.

"இதுக்கா அண்ணே ஒளிஞ்சுக்கிட்டீங்க? அவருக்கு இது ஆகவே ஆகாதுண்ணே. சத்தமே வரல, ஆம்ப்ளிபயர முழுசா ஏத்த வேண்டியிருக்கு, ஏத்துனா ஜெனரேட்டர் இரைச்சலையும் சேத்து இழுக்குதுன்னு வீட்டுல பொலம்புவாரு. ஒருக்களிச்சு நின்னாத்தான் இரைச்சல் கொறையுதாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா?"

"சொல்லச் சொன்னேன். 'அவன் ரெண்டு நாளு கடையச் சாத்திப்புட்டுச் சுத்துனான். அவங்கிட்டப் போயி நொட்டம் சொல்லச் சொல்றியா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்'னாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு சொல் சொல்லியிருந்தால் மதுரைக்குப் போய் அன்றைக்கே வேறு வாங்கி மாட்டியிருப்பேனே. ஆனால் நீ சொன்னதில் பிசகு இல்லை. என் கையால் வைத்த மீன்குழம்பில் உப்பு தூக்கல் என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாய். அதற்காக ஒரு மாதம் உன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். அந்த ஒரு மாதம் உனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு நீ பூட்டிய வாயைத் திறக்கவில்லை. என் பெருமையைக் காப்பாற்ற எத்தனை மேடைகளில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய்! நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்குகிறது.

"எதப் போடட்டும்? நீயாச்சும் சொல்லும்மா" என்றேன்.

"ஒங்களுக்குப் பிடிச்சதப் போடுங்கண்ணே."

எனக்குப் பிடித்ததைத்தானே பன்னிரண்டு வருடம் நீ வாசித்தாய். மறுபடியும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாளே என்றிருந்தது.

கடைசியில் கனமாக உருண்டு வரும் என்று கடைக்காரர் சொன்னதை வரவழைத்து மாட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் உன் தங்கை பட்டறைக்கு வந்து வாசித்துப் பார்த்தாள். நான் பதிலுக்குக் காத்து நின்றேன். "நல்லால்லண்ணே. வாய்க்குள்ள துணிய அடைச்ச மாதிரி இருக்கு" என்றாள். என் முகம் தானாகத் தூக்கிக்கொண்டது. குனிந்து திருப்புளியைத் தேடுகிற சாக்கில் அதை இறக்கினேன். "பஸ்ஸப் பிடிச்சுப் போயி மாத்திட்டு வாரேன். நீயும் வா, கேட்டுப்புட்டு எடு" என்றேன். அவள் கடையில் நின்று பளிச்சென்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்து நேராக நின்று வாசித்தாள். உனக்கு அது பிடித்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

இப்போதெல்லாம் யார் என் வேலையைச் சரி என்றாலும் தூக்கம் கெடுகிறது. நேற்று பேகம்பூர் பாய் ஒருவர் மிக்ஸியை வாங்கிக்கொண்டு "ஜோரா ஓடுது" என்றார். "நெசமாவா பாய்? கொறை இருந்தாச் சொல்லுங்க" என்று வாசல்வரை பின்னால் போனேன். இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

பிக்கப் ஒன்று தெரிந்துவிட்டது. வேறு எதையெல்லாம் எனக்காக விழுங்கினாய் மாப்ள? பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது ஸ்டெல்லாவிடம் கேட்டேவிட்டேன், எங்கிட்டச் சொல்லாம அவன் மறைச்சது வேற என்னம்மா என்று.

"அம்புட்டுத்தாண்ணே. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.