முதலில் என்னிடம் சொன்னாள்

9 மார்ச் 1926, செவ்வாய்

எழுந்ததும் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன். விடியும்வரை மழை. பின்படியில் அஞ்சலை, நனைந்தபடி. முன்பு எங்கள் வீட்டில் வேலை செய்தவள்; கணவன் இறந்தபின் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறாள். உடம்பெல்லாம் மஞ்சள் வாசம்.

"தோட்டத்து ஆபீஸ் கெராணி என்னைக் கெடுத்துட்டாருங்கம்மா. நேத்து, ஸ்டோருக்குள்ள, கதவச் சாத்திக்கிட்டு."

இரு மணிக்கட்டிலும் விரல் பதிந்த நீலம். நேற்றுக் கட்டியிருந்த சேலை எங்கே என்றேன். லயத்தில் கூடக் குடியிருக்கும் பெண்கள் தீட்டு என்று கொளுத்திவிட்டார்களாம். தலையோடு மஞ்சள் தண்ணீரும் ஊற்றினார்களாம். பாசத்தோடுதான்.

தேநீர் கொடுத்தேன். பொலிஸுக்குப் போ என்றேன். கூடப் போகவில்லை. பள்ளிக்கு நேரமாகியிருந்தது.

10, புதன்

வெயில். சோப்பு வாங்க வேண்டும். நான்காம் வகுப்புக் கணக்குத் தாள்கள் பாக்கி.

அஞ்சலை வந்தாள். உடனே யாரிடமாவது சொன்னாயா என்று ஸ்டேஷனில் கேட்டார்களாம். இல்லை என்றிருக்கிறாள்.

"ஏன் அப்படிச் சொன்னாய்?"

"நேத்து இங்கருந்து வெளிய போறப்ப ஒங்க அண்ணா கேட்டுல நிப்பாட்டினாருங்க. டீச்சரம்மா பேர எடுக்காதன்னாரு."

லயத்துப் பெண்கள் சாட்சிக்கு வரமாட்டார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவன் அந்தக் கெராணிதான். கூப்பிடாவிட்டால் அன்று வேலையில்லை. ஒருத்தி சிரித்தாளாம்: "கோர்ட்டுக்கா? பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போடி, தொரை நாற்காலி போடுவாரு!"

15, திங்கள்

கல்லூரித் தோழியின் கணவர் வக்கீல். அவரிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை விசாரணையாம்.

"சேலை இல்லை. மணிக்கட்டுக் கன்றல் மரம் வெட்டுற கைக்குச் சகஜமெண்டு டொக்டர் எழுதிப்போட்டார். அவளின்ர சொல்லு மட்டும் காணாது அக்கா. உடன ஆரிட்டயும் சொன்னவளெண்டால் கொஞ்சம் பலம்."

நான் சொன்னால் அவள் பொலிஸில் சொன்னது பொய்யாகும். சொல்லாவிட்டால் வழக்கே நிற்காது. வீடு வரும்வரை இதுவே. குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

சாப்பாட்டில் அண்ணா: "அவன் எங்கட ஊர்ப் பெடியன். அவனுக்கு ஊரில கலியாணம் பேசியிருக்கு. நீ இதுக்குள்ள தலையைப் போடாதை."

"அவளுக்கு?"

"அவளுக்கென்ன, வேற தோட்டமில்லையோ?"

குழம்பில் உப்புக் கூட என்றும் சொன்னார்.

18, வியாழன்

மறுபடி மழை. கணக்குத் தாள்கள் முடிந்தன. இருவர் மட்டும் தேறவில்லை.

நாளை விசாரணைக்குக் கோர்ட்டுக்குப் போகிறேன். அவள் முதலில் சொன்னது என்னிடம் என்பேன். இல்லை என்று ஏன் சொன்னாள் என்பதையும் சொல்வேன், அண்ணா பெயரோடு. நம்புவார்களா, தெரியாது. அஞ்சலைக்கே இன்னும் சொல்லவில்லை.

வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டேன்.

"பள்ளிக்கூடத்தில ஏதும் விசேஷமோ?" என்றார் அண்ணா.

ஓம் என்றேன்.