ஒரு சிப்பாயும் இல்லாமல் நீங்கள் வென்ற ராச்சியம்

என் ஆசை அம்மாவுக்கு,

உங்களிடம் எதைக் கதைக்கத் தொடங்கினாலும் முதலில் "சாப்பிட்டியோ?" என்பதற்குப் பதில் சொல்லியாகவேண்டும். சாப்பிட்டேன். உங்கள் மருமகள் ரீட்டா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குப் புட்டு அவிக்க வராது என்று அவளைப் பகிடி பண்ணுவீர்களே, இப்போது நல்ல உதிரிப் புட்டாக அவிக்கிறாள். வெள்ளவத்தையில் அதே மூன்றாம் மாடிதான். ரயில் போகும்போது யன்னல் இன்னும் ஆடுகிறது. நாட்டுச் சண்டை மட்டும் நீங்கள் இருந்த காலத்தைவிட மோசம்.

போன கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். வந்தவர்கள் எல்லோரும் உங்கள் பொறுமையைப் பற்றியும் மீன்குழம்பைப் பற்றியும் கதைத்தார்கள். நான் சும்மா இருக்கமாட்டாமல், "கம்ப்யூட்டர் விளையாட்டிலே என்னை அடிச்சு விழுத்தின ஆள் அம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நாலு பேருக்காவது தெரியவேண்டாமா?

பம்பலப்பிட்டியில் நான் வேலைசெய்யும் கம்ப்யூட்டர் கடையில் கழித்துப்போட்ட சாமான்களைப் பொருத்தி ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஒரு ராச்சியம் கட்டும் விளையாட்டு இருந்தது. வெறும் நிலத்தில் ஒரு ஊரை நிறுவித் தொடங்கவேண்டும். பிறகு வயல், துறைமுகம், நூலகம், படை என்று யுகம் யுகமாக வளர்க்கவேண்டும். கடைசி யுகம் முடியும்போது யாருக்கு வெற்றிப் புள்ளி கூடவோ அவர்தான் வென்றவர். நிலத்துக்கும் படிப்புக்கும் பெரிய கட்டடங்களுக்கும் புள்ளி உண்டு. சனம் எவ்வளவு, அந்தச் சனம் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்பதற்கும் உண்டு. அடுத்தவரின் ஊரைப் பிடித்தால் அதிலுள்ள சனத்தின் அளவுக்குப் புள்ளி கிடைக்கும்.

நான் எப்போதும் படை திரட்டித்தான் வெல்வேன். நீங்கள் பின்னால் நின்று அரிசி புடைத்துக்கொண்டே பார்ப்பீர்கள். ஒருநாள் நான் ஒரு ஊரை எரித்தபோது கேட்டீர்கள்.

"அதுக்குள்ள இருந்த சனம் எங்க போகும்?"

"அது விளையாட்டம்மா. ஒரு இடமும் போகாது."

"போக இடம் இல்லையெண்டால் என்ன விளையாட்டு அது? தள்ளு பாப்பம்."

அப்படித்தான் நீங்கள் கதிரையில் உட்கார்ந்தீர்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் முறைவைத்து ஆடலாம். நான் வேலைக்குப் போகமுன் என் முறையை ஆடி வைப்பேன். மத்தியானம் உலையை இறக்கிவிட்டு உங்கள் முறையை நீங்கள் ஆடுவீர்கள். எகிப்தை எடுத்துக்கொண்டீர்கள். ஏனென்று கேட்டேன். "ஆறு ஓடுது, தண்ணிக்குக் கஷ்டமில்லை" என்றீர்கள்.

உங்கள் ஊர்களுக்கு நீங்கள் வைத்த பெயர்கள்! கொடிகாமம், கிளிநொச்சி, தருமபுரம், வவுனியா. சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட பிறகு நாங்கள் தங்கித் தங்கி வந்த இடங்கள் எல்லாம் நைல் நதிக் கரையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஊராகத் திறந்து பார்ப்பீர்கள். எல்லோருக்கும் சாப்பாடு காணுமா, முகங்கள் சிரிக்கின்றனவா என்று பார்க்காமல் முறையை முடிக்கமாட்டீர்கள். ஒரு ஊரில் ஒரு முகம் வாடியிருந்தாலும் கோபுரம் கட்டுகிற வேலையை நிறுத்திப்போட்டு அங்கே கிணறு வெட்டுவீர்கள்.

தொடக்கத்தில் நீங்கள் விட்ட பிழையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இடம் பார்ப்பதற்கு நான் ஒரு குதிரைக்காரனை அனுப்பினேன். ஒற்றை ஆள், சண்டைக்கு உதவாதவன். அன்று மாலை வந்து பார்த்தால் கிளிநொச்சியில் ஒரு குருவியும் இல்லை. சனம் முழுவதையும் குடியேறிகளாக மாற்றி, மாட்டுவண்டிகளில் ஏற்றி, ஊரைக் கலைத்துவிட்டீர்கள். கட்டிய நூலகத்தின் புள்ளியும் போய்விட்டது.

"அம்மா, அவன் சும்மா பாக்க வந்தவன்!"

"வன்னியில வண்டு வந்து சும்மா பாத்திட்டுப் போனதோ? அது சுத்தினாப் பிறகு என்ன வந்தது?"

வேவு விமானத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர் வண்டு. அந்த இரைச்சல் கேட்டால் அடுத்தது ஷெல் என்று தெரிந்தவரிடம் குதிரைக்காரனைப் பற்றி நான் என்ன வாதாடுவது?

அந்த நாட்களில்தான் ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையை இரண்டு பக்கமும் அடைத்துச் சுற்றிவளைத்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவு இருந்தும் உங்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பின்னேரம்வரை இருத்தி வைத்துப் பிறகுதான் விட்டார்கள். நீங்கள் வீடு வந்து தேத்தண்ணி ஊற்றினீர்கள். லண்டனிலிருந்து அக்கா போனில் அழுதாள். உங்களைக் கூப்பிடுவதற்கான அலுவல் எல்லாம் முடிந்து, விசாவும் உங்கள் ஒருவருக்கு வந்திருந்தது. நீங்கள் மாட்டேன் என்றீர்கள். ஏன் என்று கேட்டால் குளிர் என்றீர்கள், முழங்கால் என்றீர்கள், அக்காவின் வீட்டில் படி கூட என்றீர்கள்.

கடைசியில் நான் பந்தயம் கட்டினேன். "இந்த ஆட்டத்திலை நான் வெண்டால் நீங்கள் லண்டன் போகவேணும்."

"நான் வெண்டால்?"

"வெள்ளவத்தையிலேயே இருங்கோ. பிறகு நான் வாயே திறக்கமாட்டன்."

"ஓம்" என்று தலையாட்டினீர்கள். நான் உள்ளுக்குள் உங்களுக்குப் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

எனக்கு அது உங்கள் உயிர்ப் பிரச்சினை, அம்மா. நான் இரக்கமே பார்க்கவில்லை. இருந்த காசு முழுவதையும் பீரங்கியில் போட்டேன். என் ஊர்களில் முகங்கள் வாடியதை நான் கவனிக்கக்கூட இல்லை. வவுனியாவின் மதிலை உடைத்து உள்ளே போனால் ஒருவரும் இல்லை. தருமபுரம் வெறும் வீடுகள். உங்கள் தலைநகரான கொடிகாமத்துக்கு என் படை முழுவதையும் கொண்டுபோனேன். அங்கே வாசல் திறந்திருந்தது. ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டே போகிறேன், புள்ளி மட்டும் ஏறவில்லை. சனம் இல்லாத ஊருக்கு ஏது புள்ளி?

நீங்கள் கட்டிக்கொண்டிருந்த தோணிகளை நான் மீன்பிடித் தோணிகள் என்றே நினைத்திருந்தேன். வரைபடத்தின் தெற்கு மூலையில் ஒருவரும் சீந்தாத ஒரு கல்லுத் தீவு இருந்தது. அங்கே எல்லோரையும் கொண்டுபோய் இறக்கி, வயல் வைத்து, கிணறு வெட்டி, மறுபடி நூலகமும் கட்டிவிட்டீர்கள். கடைசி யுகம் முடிந்தது. புள்ளிப் பலகை வந்தது. நீங்கள் மேலே, நான் கீழே.

நம்பவே முடியவில்லை. கம்ப்யூட்டர் திருத்துகிறவன் அல்லவா, விளையாட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கணக்கை ஒவ்வொரு யுகமாகத் திறந்து பார்த்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு சிப்பாயைக்கூட நீங்கள் உருவாக்கவில்லை. சண்டையில் இழந்த சனம் என்ற இடத்தில், முதல் யுகத்திலிருந்து கடைசி யுகம்வரை, உங்களுக்குப் பூச்சியம். எத்தனையோ வருடமாக அந்த விளையாட்டை ஆடுகிறேன், அப்படி ஒரு பூச்சியத்தை நான் கண்டதில்லை. என் அம்மா இவ்வளவு பெரிய ஆளா என்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் முருங்கைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆனாலும் வாதாட ஒரு வழி இருந்தது. விடுவேனா?

"அம்மா, நீங்கள் இடம்பெயர்ந்துதானே வெண்டனீங்கள். கட்டின ஊரை எல்லாம் விட்டிட்டுப் போகத் தெரிஞ்ச ஆளுக்கு லண்டன் போக என்ன?"

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"ஊரைத்தானேடா விட்டனான். அதிலை ஆரையாவது ஒருத்தரை விட்டிட்டு வந்தனானோ? சொல்லு பாப்பம்."

நான் மறுபடி அந்தப் பூச்சியத்தைப் பார்த்தேன். நீங்களே தொடர்ந்தீர்கள்.

"விசா எனக்கு மட்டுந்தானே வந்திருக்கு. உனக்கும் வரட்டும். அண்டைக்கு உனக்கு முன்னாலை நான் பிளேனிலை ஏறி இருக்கிறன்."

யாழ்ப்பாணத்தில் எல்லோரும் வெளிக்கிட்ட அன்று அப்பா வீட்டைப் பார்க்க நின்றுவிட்டார். "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்றார். நாங்கள் முன்னால் போனோம். அவர் வரவே இல்லை. அதைப் பற்றி நீங்கள் எங்களிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. அன்று அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்துகொண்டு நான் அழுதேன். நீங்கள் கண்டும் காணாததுபோல் முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டீர்கள்.

பிறகும் எனக்கு விசா வரவில்லை. நீங்களும் போகவில்லை. என்னோடேயே இருந்து, ரீட்டாவை மருமகளாக்கி, ஒருநாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்தீர்கள், பிறகு எழும்பவில்லை.

இனிப் புதினம் சொல்கிறேன். எனக்கும் ரீட்டாவுக்கும் விசா வந்துவிட்டது, அம்மா. இந்தமுறை அக்கா சந்தோஷத்தில் அழுதாள். ஆனால் ரீட்டாவின் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. மாமி கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறா. ரீட்டாவைத் தவிர அவவுக்கு ஒருவரும் இல்லை. "முதல்ல நீங்கள் ரெண்டு பேரும் வாங்கோ, மாமியைப் பிறகு எடுப்பம்" என்கிறாள் அக்கா. உலகத்தில் எல்லோரும் செய்வது அதுதான். மாமியும், "நீங்க போங்க மகன், எனக்குப் பக்கத்துலயே கோயில் இருக்கு, மாதா பாத்துக்குவா" என்று சிரித்தபடிதான் சொன்னா. சொல்லிவிட்டு உள்ளே போன ஆள் வெளியே வர நெடுநேரம் ஆயிற்று.

நான் அக்காவிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். மாமிக்கு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறோம். பதில் வரமுன் எங்கள் விசா முடிந்துபோகலாம். அக்கா என்னோடு கதைப்பதில்லை. பின்னேரத்தில் ஒழுங்கைக்குள் ஒரு வான் மெதுவாக வந்தால், ஆள் கடத்த வந்த வானோ என்று யன்னலருகே போய் நிற்கிறேன். ரீட்டாவும்தான். நான் செய்வது சரிதானா அம்மா? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லத்தான் உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். மூன்று பேருக்கு இடம் கிடைத்தால் ஏறுவோம். இரண்டு பேருக்குத்தான் என்றால், மாமியையும் கூட்டிக்கொண்டு வந்து இந்த மூன்றாம் மாடியிலேயே இருப்போம். யாரையும் பின்னால் வரச் சொல்லிவிட்டு நான் முன்னால் போகமாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் விட்டுவிட்டுப் போகாத மகன்,
குகன்