பாலத்தடியில் இறங்கி மாறவும்

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் தாமதம். பாலத்தடியில் நான் இறங்கும்போது நகரப் பேருந்து பாலத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. கையாட்டினேன். யாருக்கு? அதன் முதுகுக்கு.

போன மாதம் வரை ஒரே பேருந்து. படகுத்துறையில் ஏறி உட்கார்ந்தால் பாலம் கடந்து, பெரிய தீவுக்குள் போய், நூலக வாசலில் இறக்கிவிடும். வழியில் ஒரு சிறுகதை முடியும். இப்போது அந்தத் தடத்தை இரண்டாக வெட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வண்டி பாலத்தடியோடு நின்றுவிடும். நகரத்திலிருந்து வருவதும் அங்கேயே திரும்பிக்கொள்ளும். நாம் இறங்கி மாற வேண்டும். ‘மேம்படுத்தப்பட்ட சேவை’ என்று நிழற்குடையில் ஒட்டியிருக்கிறார்கள். கடல் காற்றில் அந்தத் தாளே பாதி கிழிந்து தொங்குகிறது.

நூலகச் சாவி என் பையில். தினமும் நாளிதழ் படிக்க முதல் ஆளாக வருகிறவர் பூட்டிய கதவுக்கு முன் நின்றிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அது இன்னும் மோசம்.

மார்ச் 5, புதன்

தலைமை நூலகர் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. “மாசக் கடைசில உன்னை நிரந்தரம் பண்றதைப் பத்தி நான் எழுதி அனுப்பணும்மா. உன் வேலையில குறை சொல்ல மாட்டேன். ஆனா கதவே திறக்கலேன்னா உள்ள என்ன வேலை நடந்து என்ன?”

நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எரிச்சல்.

வேலை போனால் இந்த வாடகை அறையும் போகும். ஒரு ஜன்னல், ஒரு மேசை, தரையில் அடுக்கிய புத்தகங்கள், உள்ளிருந்து போட ஒரு தாழ்ப்பாள். அண்ணன் வீட்டில் எல்லாம் உண்டு. தாழ்ப்பாள் மட்டும் கிடையாது.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் பேசினான். “இங்கேர்ந்து உன் லைப்ரரிக்கு நடந்தே போயிடலாம். எதுக்கு இந்த வீம்பு?” பின்னாலிருந்து அண்ணி: “அவ ரூமை அப்படியே வச்சிருக்கேன்னு சொல்லுங்க!”

அப்படியே இல்லை. அங்கே இப்போது இஸ்திரி மேசையும் குழந்தையின் சைக்கிளும் நிற்கின்றன. அண்ணியின் அன்பில் பொய் இல்லை, தகவலில்தான்.

மார்ச் 9, ஞாயிறு

பேருந்து அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். முதல் பிரதியில் கோபம் அதிகம். இரண்டாவதில் உவமைகள் அதிகம். கடைசியில், ‘ஒரு பேருந்து மற்றதைப் பார்த்துக் கிளம்பினால் பயணிகளுக்கு உதவியாக இருக்கும்’ என்று ஒரே வரி. அனுப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்று பேருந்து கிளம்பவே இல்லை. படகுத்துறையில் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டோம், ஓட்டுநரும் உட்கார்ந்திருக்கிறார். எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டுகிறவர். எனக்குள் அவர் பெயர் சீட்டிக்காரர். இன்று சீட்டி இல்லை. காதில் ஃபோன்.

“நீ எடுத்துட்டியா? ... இன்னும் இல்லையா? ... நான் எப்படிப்பா எடுக்கறது? நீ கிளம்பிட்டேன்னு தெரிஞ்சாத்தானே?”

புதிய உத்தரவாம். எதிர்முனைப் பேருந்து புறப்பட்டது உறுதியான பிறகே புறப்பட வேண்டும். மீறினால் விளக்கம் கேட்பார்கள். அதே உத்தரவு, எழுத்து மாறாமல், நகர ஓட்டுநருக்கும் போயிருக்கிறது. இங்கே இவர் அவருக்காக. அங்கே அவர் இவருக்காக. நடுவில் பாலம் காலியாகக் கிடக்கிறது.

மீன் கூடையோடு வந்த அம்மா சொன்னாள்: “எந்தப் புண்ணியவான் இதைக் கேட்டு வாங்கினானோ, அவன் நல்லா இருக்கட்டும்!”

புத்தகத்தைத் திறந்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

அதே கூத்து. மேற்பார்வையாளர் ‘எடு’ என்று சொன்னால்தான் ஆகும், அவரோ தேநீர் குடிக்கப் போயிருந்தார். நாளிதழ்காரர் இன்று காத்திருக்கவே இல்லை, போய்விட்டார். தலைமை நூலகர் தன்னிடமிருந்த சாவியால் திறந்திருந்தார்.

அண்ணனைக் கூப்பிட்டு, “வந்து கூட்டிட்டுப் போண்ணா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே வைத்துவிட்டேன். சே — ஏன் சொன்னேன்?

மார்ச் 20, வியாழன்

நான் செய்ததை நானே நம்பவில்லை. ஆள் கூட்டத்தில் ‘கொஞ்சம் நகருங்கள்’ என்று கேட்கவே மூன்று நிறுத்தம் யோசிக்கிறவள். எழுந்து முன்னால் போய், “அந்த ஃபோனை இப்படிக் குடுங்க” என்றேன். சீட்டிக்காரர் கொடுத்தும்விட்டார்.

“அண்ணே, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எடுத்தா யாருமே முதல் கிடையாது. யாரும் உத்தரவை மீறினதாவும் ஆகாது. நான் ‘போலாம்’னு சொல்றேன், சேர்ந்து எடுங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது: “நீங்க யாரும்மா, ஆபீஸா?”

“நூலகம்.”

“சரி, ஏதோ ஒரு ஆபீஸ். சொல்லுங்க.”

சொன்னேன். இரண்டு இன்ஜினும் ஒன்றாகக் கேட்டன — ஒன்று காலடியில், ஒன்று காதில்.

மார்ச் 25, செவ்வாய்

இது வழக்கமாகிவிட்டது. ஏறினதும் ஃபோனை நீட்டுகிறார்: “சொல்லிடும்மா.” புத்தகத்தைத் திறக்கவே விடுவதில்லை, எரிச்சல். மீன்கார அம்மாவுக்கு நான் ‘போலாம் பொண்ணு’. இந்தத் தீவுக்கு வந்து இரண்டு வருடமாக எவருக்கும் பெயர் தெரியாமல் ஓட்டிவிட்டேன். எல்லாம் போயிற்று.

ஆனால் கதவு நேரத்துக்குத் திறக்கிறது.

மார்ச் 29, சனி

விடிந்ததும் அண்ணன் வந்து நிற்கிறான், கக்கத்தில் மடித்த அட்டைப்பெட்டிகள். அண்ணி கொடுத்தனுப்பியது. “நீ வேலைக்குப் போ. நானும் கூட வந்து ஒரு வேன் பேசிட்டு வரேன்.”

பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். நாங்கள் போகும்போது வண்டி நிரம்பியிருந்தது. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வந்துட்டா!” என்றாள் மீன்கார அம்மா. சீட்டிக்காரர் ஃபோனை நீட்டினார்.

அண்ணன் முன்னால். கூச்சத்தில் செத்தேன். “போலாம்” என்றேன். வண்டி கிளம்பியது.

“உன்னைக் கேட்டுத்தான் எடுக்கறாங்களா?” என்று கேட்டான். பாலத்தடியில் இறங்கி நகர வண்டிக்கு மாறினோம். நூலக வாசலில், நான் பூட்டைத் திறக்கும்போது, நாளிதழ்காரர் என் பக்கம் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் ஒரு நிமிடம் நின்றான். “வேன் இன்னிக்குக் கிடைக்காது போல” என்றான். விசாரிக்கவே இல்லை, விசாரிக்க எங்கும் போகவும் இல்லை.

மார்ச் 31, திங்கள்

நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று தலைமை நூலகர் எழுதியிருக்கிறார். “வேண்டாம்னு எழுதல, கவனி” என்றார்.

பாலத்தடி நிழற்குடையில் புதுத் தாள்: அலுவலகத்தின் நடவடிக்கையால் சேவை சீரடைந்ததாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மீன்கார அம்மா அதைக் கிழித்துக் கூடைக்கு அடியில் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணியின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து நிமிர்த்தி, பக்கவாட்டில் சாய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் அலமாரி போல வைத்தேன். தரையில் கிடந்த புத்தகங்கள் அத்தனையும் அடங்கிவிட்டன. மேல் பெட்டி கொஞ்சம் ஆடுகிறது.