செவ்வரளிக்குக் கெமிஸ்ட்ரி தெரியுமா அப்பா?

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்பு என்று கை தானாக எழுதிவிட்டது. உள்ளே இருப்பதெல்லாம் கோபம்தான். செத்துப்போய் ஆறு வருஷமாகியும் வீட்டில் உங்கள் அதிகாரம் குறையவில்லையே, அது எப்படி?

சின்னவள் சங்கீதா பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்கிறாள். இரண்டு பெண்களும் பயோடெக்னாலஜி படிக்கணும் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதாக அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். திண்டுக்கல் காலேஜில் இரண்டிலுமே இடம் இருக்கிறது. கடைசியில் நேற்று அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் பூப்போட்டுப் பார்த்தாள். பயோடெக்குக்குச் செவ்வரளி, கெமிஸ்ட்ரிக்கு நந்தியாவட்டை. தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் போட, பெரியப்பாவின் பேத்தி ஒன்றை எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி.

"அப்பாவே சொல்லிட்டாருல்ல, இனி யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று அம்மா சூடம் காட்டினாள்.

உயிரோடு இருந்தபோதும் இப்படித்தானே? ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளிப் பெட்டி இறக்கும்போது யாரோ ஒரு வியாபாரி, தன் மகள் பயோடெக் படிப்பதாகப் பீற்றிக்கொண்டார். அன்றைக்கே என் படிப்பு முடிவாகிவிட்டது. நான் விலங்கியல் கேட்டேன்.

"சும்மா ஜுவாலஜின்னா எவன் மதிப்பான்? பயோடெக்குன்னு சொல்லு, நாலு பேரு திரும்பிப் பாப்பான்" என்றீர்கள். ஒரு பயலும் திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சராகலாம் என்று பி.எட். சேரப் போனேன். விலங்கியலோ தாவரவியலோ என்றால் சரி, இந்தப் பட்டத்துக்கு இங்கே இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பயோடெக்கைக் குறை சொல்லவில்லை. ஆசைப்பட்டுப் படித்த என் தோழி பெங்களூரில் லேபில் நன்றாகத்தான் இருக்கிறாள். நான் ஆசைப்பட்டேனா? இப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் ஃபீஸ் ரசீது கிழித்துக் கொடுக்கிறேன். பக்கத்து வகுப்பில் தவளையின் இதயப் பாடத்தைத் தப்பாக நடத்துவது காதில் விழும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

சங்கீதா அழவில்லை. "சரிம்மா" என்று உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போனேன்.

"அக்கா, அப்பா எறந்தப்ப நான் ஆறாவதுதான. எனக்குக் கெமிஸ்ட்ரி புடிக்கும்னே அவருக்குத் தெரியாதே. அவர் எப்படி வேணாம்னு சொல்லுவாரு?"

இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

நாளைக்கு அவளைக் காலேஜுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். கெமிஸ்ட்ரியில் சேர்த்து, பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் நானே போடுவேன். அம்மா கொஞ்ச நாள் பேசமாட்டாள், பேசாமல் இருக்கட்டும். உங்களுக்குக் கோபம் வந்தால் என் கனவில் வந்து என்னைத் திட்டுங்கள். அவள் பக்கம் வரவே கூடாது. எனக்காக உங்களை எதிர்த்து நிற்க அன்றைக்கு ஒரு ஆள் இல்லை. அவளுக்கு நான் நிற்பேன், சத்தியம்.

இன்னும் உங்களை மன்னிக்காத
மூத்த மகள்