வண்டி தேறிவிட்டது, சயோகோ

அன்புள்ள சயோகோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, கிடைத்தவரைத் திட்டிக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை ரியோஹேயும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் அப்பா படத்துக்குச் சோறு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். சப்போரோவில் இப்போதுதான் செர்ரி பூக்கிறது என்று டிவியில் காட்டினார்கள். இங்கே அது உதிர்ந்து மாதம் ஒன்றாகிறது, கொசுவே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று நீ பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் நீ எப்படிம்மா இருக்கே என்று கேட்ட உடனே என் வாய் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுகிறது, நான் யோசிப்பதற்குள் சொல்லிவிடுகிறது. நீயும் சரிம்மா என்கிறாய், வைத்துவிடுகிறோம். பேனா என்றால் நடுவில் நிறுத்தி யோசிக்கலாம், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வெள்ளை வேன் அரசாங்கத்து வண்டிச் சோதனையில் தேறிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் ரோட்டில் ஓடலாம் என்று கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். உனக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கும். அப்பாவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தன்று, வந்தவர்கள் எல்லாம் இன்னும் சாப்பாட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை, நீ அழுதுகொண்டே என்கூட வந்துடும்மா, வெயில் வர்ற ரூம் ஒண்ணு சும்மாதான் கிடக்கு என்று கையைப் பிடித்தாய். நான் கையை உருவிக்கொண்டு, அந்த வண்டி சோதனையில தேறிக்கிட்டு இருக்கிற வரைக்கும் நான் இந்தத் தீவை விட்டு நகர மாட்டேன் என்று ஊரே கேட்கும்படி சொன்னேன். அப்போது எனக்கு வீம்பு. தொகியே போய் மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்கிற வீம்பு. அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. உன்மேல் குற்றமில்லை, நீ அப்பா மாதிரி, ஒரு தடவை வேண்டாம் என்றால் மறுபடி கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டாய்.

அப்பா அந்த வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று உனக்குத் தெரியும். கடல்காற்று அடித்த மறுநாள் காலையில் பழைய பாயைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டு அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீர் அடித்து உப்பைக் கழுவுவார், பிறகுதான் டீ. அவர் போன பிறகு இந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கழுவவில்லை. முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆயில் மாற்றவில்லை. வியாழக்கிழமை நம் தெருக் கினு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதோடு சரி. மற்ற நாளில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், நான் அதற்குள் உட்கார்ந்திருப்பேன். சிரிக்காதே. வீட்டுக்குள் இருந்தால் கடிகாரமும் பிரிட்ஜும்தான் சத்தம் போடுகின்றன. வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ போட்டால் இடம் சின்னதாக இருப்பதால் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அப்படியே கேட்டுக் கேட்டு பேட்டரியை இரண்டு தடவை இறக்கிவிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் முகாய் தானாக வந்து நின்றான். உனக்கு ஒரு வகுப்பு மூத்தவன், மழை வந்தால் பள்ளிக்கூடக் கூரையில் ஏறி நிற்பானே அவன்தான். இப்போது படகு எஞ்சினும் காரும் பார்க்க இந்தத் தீவில் அவன் ஒருவன்தான். சோதனைக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் நாகசாகியிலிருந்து படகில் கருவிகளோடு வருகிறார்கள், காலையில் வந்து துறைமுக மைதானத்தில் பார்த்துவிட்டு மத்தியானப் படகில் போய்விடுவார்கள். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிக் கீழே நுழைந்து அங்கங்கே விரலால் குத்திப் பார்த்தான். வெளியே வந்து, அத்தை, இது என்ன வண்டியா, மாவு சலிக்கிற சல்லடையா என்றான். அடித்தகடு மூன்று இடத்தில் ஓட்டையாம், கை போகிறதாம். சைலன்சர் துருப்பிடித்துத் தொங்குகிறதாம், சக்கரத்துப் பக்கம் ரப்பர் உறை கிழிந்து கிரீஸெல்லாம் வெளியே வந்துவிட்டதாம், டயரில் வெடிப்பு விட்டிருக்கிறதாம், ஆயில் தார் மாதிரி இருக்கிறதாம். இந்தத் தடவை விட்டா அக்டோபர்தான் அத்தை, ஜூன்ல பேப்பர் முடிஞ்சுடும், அப்புறம் ரோட்டுல இறக்கினாலே கேஸு என்றான். நான், விட்டுடுப்பா, அதுக்கும் வயசாயிடுச்சு என்றேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல், வண்டி போச்சுன்னா நீங்களும் போயிடுவீங்கல்ல, அன்னிக்கு நீங்க சொன்னப்ப நானும் பந்தியில உக்காந்துதானே இருந்தேன் என்றான். சாயங்காலத்துக்குள் வண்டியை அவன் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொடி படர்ந்து கிடக்கிற வண்டிகளில் நம்முடைய ஜாதியே ஒன்று விளக்கெல்லாம் உடைந்து கிடந்ததாம், அதிலிருந்து தகடு அறுத்து வந்து வெல்டிங் வைத்தான். மீனவர் சங்கத்து ஆட்கள் வந்து பட்டி பார்த்து, படகுக்கு அடிக்கிற பெயின்டை அடியில் அடித்தார்கள். ரப்பர் உறையும் டயரும் பேட்டரியும் பக்கத்துத் தீவிலிருந்து தபால் படகில் வந்தன. கினு அக்கா, எண்பத்திரண்டு வயது, விரலெல்லாம் முடிச்சு விழுந்த கை, மஞ்சளாகிப் போயிருந்த ஹெட்லைட் கண்ணாடியைப் பல் தேய்க்கிற பேஸ்ட் வைத்து நாலு நாள் உட்கார்ந்து தேய்த்தாள். ஏண்டி, என் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் என் பல்லை இப்படித் தேய்ச்சதில்லடி என்றாள். உனக்கு எதுக்குக்கா இந்த வேலை, வேற யாராவது செய்ய மாட்டாங்களா என்று நான் கேட்டதற்கு, நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது, இருக்கிறதுங்கல்லாம் காது கேக்காத கட்டைங்க என்றாள்.

எல்லோரும் இப்படி ஓடி ஓடிச் செய்துகொண்டிருக்க நான் மட்டும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு திருடி மாதிரி நின்றேன். ஏனென்றால் சயோகோ, முழங்கால் வலி பொய். வேண்டுமென்றேதான் கழுவவில்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தபோதும் பார்க்காத மாதிரி ஓட்டினேன். உப்பு தின்னட்டும் என்று விட்டேன். வண்டி தானாகத் தோற்றுவிட்டால் நான் தோற்றதாக ஆகாது, சொன்ன சொல்படி கிளம்புகிறேன் என்று தலைநிமிர்ந்து கிளம்பலாம், நீயும் மறுபடி கூப்பிட வேண்டியதில்லை, நானும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக என் திட்டம் இதுதான். உன் அப்பா இருந்திருந்தால் முகத்தில் தண்ணீர் அடித்திருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை சோதனை. துறைமுகத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. எனக்கு முன்னால் முகாயின் சொந்த வேன், அதுவும் நம்முடைய மாடல்தான், அவனுக்கும் இந்த ஜூனோடு முடிகிறது. என்னுடையதை முதலில் விடச் சொல்லி ஒதுங்கினான். சோதனைக்காரர் கண்ணாடி போட்டவர், உன்னைவிடச் சின்னவராக இருப்பார், தொப்பியைக் கழற்றி மரியாதையாக வணக்கம் சொன்னார். ஹாரன் அடிக்கச் சொன்னார். அடித்தேன், எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்பா இறந்த பிறகு நான் ஹாரன் அடித்ததே இல்லை, இங்கே யாருக்கு அடிப்பது. வைப்பர், பெல்ட், பிரேக் எல்லாம் பார்த்தார், கீழே சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார், எல்லாம் சரி. ஹெட்லைட்டுக்குக் கருவியை வைத்தார். வலது பக்கம் சரி. இடது பக்கம் உள்ளே வெள்ளிப்பூச்சு கருகிவிட்டது, வெளிச்சம் போதவில்லை என்றார். கினு அக்கா சும்மா இருப்பாளா, தம்பி, மொதல்ல உன் கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு, ரெண்டு ட்யூப் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சிருக்கேன் என்று சண்டைக்குப் போனாள். அவர் குனிந்து மன்னிப்புக் கேட்டு, இரண்டு மணிக்குள் சரிசெய்து கொண்டுவந்தால் மறுபடி பார்க்கிறேன், மூன்றரைக்கு எங்களுக்குப் படகு என்றார்.

அப்போது எனக்குள் சந்தோஷம் பொங்கியது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு மணிக்குள் இந்தத் தீவில் எந்தக் கடையில் ஹெட்லைட் கிடைக்கும்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே எந்தக் கிண்ணத்தை எந்தப் பேப்பரில் சுற்றுவது, அப்பா படத்தை மடியில் வைத்துக்கொண்டால் விமானத்தில் விடுவார்களா என்று யோசித்துவிட்டேன். உன் வீட்டு வெயில் ரூமில் என் செருப்பு எங்கே கிடக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் முகாய் தன் வேனுக்கு முன்னால் குந்திக்கொண்டு ஸ்பானரால் ஹெட்லைட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். டேய், அதைக் கழட்டினா உன் வண்டி என்னடா ஆகும் என்று கத்தினேன். அக்டோபர் வரைக்கும் சைக்கிள்தான், தொப்பை குறையட்டும் அத்தை என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒன்றரை மணிக்குள் மாட்டிவிட்டான். வெளிச்சம் சரியாக விழுந்தது. தேறிவிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். சங்கத்துக்காரர் என்னை வண்டி பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். நான் ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து நன்றி சொன்னேன், குனிந்த இடத்தில் கண்ணீர் வந்துவிட்டது. பாரு, தொகியேவுக்கு ஆனந்தக் கண்ணீர் என்றாள் கினு அக்கா. வீட்டுக்கு ஓட்டி வந்து நிறுத்தினேன். ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் வழக்கமான பாட்டுப் போட்டார்கள், அது போட்டதும் இங்கே எல்லோரும் அவரவர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நல்லவர்கள்தான், ஒருவரைக்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து மணிக்குப் பிறகு எனக்கு யாரும் இல்லை. அரைக் கிண்ணம் அரிசி வடித்து அதை இரண்டு வேளை சாப்பிடுகிறேன். குளியல் தொட்டியில் ஒரு ஆளுக்காகத் தண்ணீர் காய்ச்சுவதற்குப் பாவமாக இருக்கிறது என்று பல நாள் குளிப்பதே இல்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். புது பேட்டரி, ரேடியோ நன்றாகக் கேட்டது, கேட்கப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் இரண்டு வருஷம் என்று ஒட்டியிருக்கிறது. என்னால் இன்னும் இரண்டு வருஷம் முடியாது சயோகோ. என்னால் தனியாக இருக்க முடியவில்லை.

இதைத்தான் எழுத நினைத்தேன், இவ்வளவு சுற்றி வந்துவிட்டேன். இன்னொரு தடவை என்னைக் கூப்பிடு. வெயில் ரூமில் இப்போது ஏதாவது சாமான் வைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும், ஓரத்தில் படுக்க இடம் போதும். மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டே கூப்பிடு, அவருக்கு மனமில்லை என்றால் மறைக்காமல் சொல், நான் தாங்கிக்கொள்வேன். வண்டியை முகாய்க்கே கொடுத்துவிடுவேன், அவன் விளக்கு அதில்தானே இருக்கிறது. வியாழக்கிழமை கினு அக்காவை ஆஸ்பத்திரிக்கு அவன் கூட்டிப்போவான், கேட்டால் மாட்டேன் என்று சொல்பவன் இல்லை. கினு அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பார்சலில் காய்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேக்கும் கருவாடும் அனுப்பியிருக்கிறேன். கேக்கை அப்படியே தின்னாதே, லேசாகச் சுட்டுத் தின்னு. உன் கார் டயரை மாற்றினாயா, பனி போய்விட்டதே, பனி டயரோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிடும் என்று அப்பா சொல்வார். ராத்திரி வேலை இருக்கிற நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, வீட்டில் எப்போதும் இரண்டு பேர் சத்தம் கேட்கும்படி நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே. பதிலை போனில் சொல்லாதே, போனில் கேட்டால் என் வாய் நான் இங்கேயே நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடும். எழுதியே கேள்.

உன் அம்மா,
தொகியே

இதை ஒட்டப்போகும்போது கினு அக்கா வந்துவிட்டாள். இவ்ளோ நீளமா பொண்ணுக்கு என்னடி எழுதினே என்று கேட்டாள். வண்டி தேறினதைத்தான் எழுதினேன் என்றேன். வலது பக்க விளக்கு நான் தேய்ச்சதுன்னு எழுதினியா என்றாள். எழுதியிருக்கேன்க்கா என்றேன். நல்லா எழுது, மறந்துடாதே என்று சொல்லிவிட்டு இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து டீ குடிக்கிறாள்.